பிரேவ்ஸ் அணி கைமாறினால் என் 60 பங்குக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: மகன் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஆல்ஃபரெட்டாவில் வேலை பார்க்கிறான். போயிருந்தபோது ட்ரூயிஸ்ட் பார்க் மைதானத்தில் பேஸ்பால் பார்த்தோம். ஊர் திரும்பியதும் அந்த ஆசையில், செயலி வழியாக அங்கே ஆடும் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியை வைத்திருக்கும் அட்லாண்டா பிரேவ்ஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் ‘சி’ வகைப் பங்கு 60 வாங்கினேன், சராசரி 39 டாலர். அணியை விற்கப் போகிறார்கள் என்று அவ்வப்போது பேச்சு கிளம்புகிறது. விற்றால் எனக்கும் பணம் வருமா? இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா? (கோவை வாசகர்)

பதில்: வரலாம், வராமலும் போகலாம். வாங்குகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார் என்பதைப் பொறுத்தது அது.

முதலில், உங்கள் கையில் இருப்பது என்ன? ஊடக முதலாளி டெட் டர்னர் 1976இல் வாங்கிய அணி இது. பிறகு டைம் வார்னர் நிறுவனத்திடம் போய், 2007இல் லிபர்ட்டி மீடியா என்ற நிறுவனத்துக்கு வந்தது. அப்போது அணிக்குப் போட்ட மதிப்பு 45 கோடி டாலர். அதுகூட நேரடி விற்பனை இல்லை. வரியை மிச்சப்படுத்தச் செய்த பங்குப் பரிமாற்றம். 2023 ஜூலையில் லிபர்ட்டி இதைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ‘ஏ’ வகைப் பங்குக்கு ஒரு ஓட்டு, ‘பி’ வகைக்குப் பத்து, உங்களுடைய ‘சி’ வகைக்கு ஓட்டே கிடையாது. லாபத்தில் பங்கு உண்டு, முடிவெடுப்பதில் இல்லை. வாங்கும்போது செயலி இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்காது.

பேச்சு ஏன் ஓயவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. வரியில்லாமல் பிரித்த நிறுவனத்தை இரண்டு ஆண்டுக்குள் யாராவது வளைத்துப் போட்டால், பிரித்ததே விற்பதற்காகத்தான் என்று அமெரிக்க வரிச் சட்டம் ஊகித்துக்கொள்ளும், சலுகை பறிபோகும். அந்த இரண்டு ஆண்டு 2025 ஜூலையில் முடிந்துவிட்டது. தடை நீங்கியது என்பதாலேயே விற்பனை வந்துவிடாது, ஆனால் சந்தைக்கு வாய் மெல்ல அவ்வளவு போதும்.

சரி, வாசல்களுக்கு வருவோம். உங்களுக்கு நல்லது, முழு நிறுவனத்தையும் ஒருவர் வாங்கிக்கொள்வது. பங்குக்கு இவ்வளவு டாலர் என்று பேசி முடித்து, ஓட்டுள்ள பங்குதாரர்கள் சம்மதித்துவிட்டால், ஒருநாள் காலை செயலியில் 60 பங்கும் காணாமல் போய்ப் பணமாக நிற்கும். உங்களிடம் யாரும் சம்மதம் கேட்க மாட்டார்கள். கிளீவ்லாந்து பேஸ்பால் அணியில் இது நடந்திருக்கிறது: 1998இல் பங்கு 15 டாலருக்கு வெளியிடப்பட்டது, அடுத்த ஆண்டே லாரி டோலன் 32.3 கோடி டாலருக்கு அணியை வாங்க ஒப்பந்தம் போட்டார். பங்கு வைத்திருந்தவர்களுக்கு வெளியீட்டு விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது.

இரண்டாவது, அணியை மட்டும் விற்பது. மைதானத்தைச் சுற்றி நீங்கள் நடந்து பார்த்திருப்பீர்களே, கடைகள், உணவகங்கள், அலுவலகங்கள் என்று ‘பேட்டரி’ வளாகம். அதுவும் இதே நிறுவனத்துடையதுதான். 2024இல் மொத்த வருமானம் சுமார் 66 கோடி டாலர் என்றால், அதில் ஏறக்குறைய 6.7 கோடி இந்தக் கட்டடங்களிலிருந்து வந்தது. அணி போய்க் கட்டடம் மிஞ்சினால், விற்ற பணத்துக்கு நிறுவனம் முதலில் வரி கட்ட வேண்டும். மீதியில்தான் நீங்கள் கை நனைக்க முடியும். (இந்தியா சிமென்ட்ஸ் அல்ட்ராடெக்கிடம் போனபோது சிஎஸ்கே கூடவே போகவில்லை என்பது நினைவிருக்கும். எதை விற்கிறார்கள் என்று பார்ப்பது எங்கேயும் பொருந்தும்.)

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் மூன்றாவது. ‘பி’ வகைப் பங்கை மட்டும் ஒருவர் மொத்தமாக வாங்கி ஓட்டதிகாரத்தைக் கைப்பற்றுவது. இந்தியாவில் பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீதத்தைத் தொட்டால், மற்றவர்களிடமிருந்து இன்னும் 26 சதவீதம் வாங்கிக்கொள்வதாக ஓப்பன் ஆஃபர் கொடுத்தே ஆக வேண்டும் என்று செபி விதி இருக்கிறது. அந்தப் பழக்கத்தில், ‘கைமாறினால் நமக்கும் ஒரு விலை வரும்’ என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. முதலாளி மாறிவிடுவார், உங்கள் 60 பங்கு அதே இடத்தில் கிடக்கும்.

பாதி வழியில் நிற்கும் கதையும் உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டை விற்கப்போவதாக 2022 நவம்பரில் பேச்சு தொடங்கியது. கடைசியில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் பங்கு 33 டாலர் என்று கேட்டார், ஆனால் பொதுமக்களின் ‘ஏ’ வகையில் 25 சதவீதம் வரைதான். விற்க முன்வந்தவர்களிடமெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பங்கு பழைய சந்தை விலைக்கே திரும்பியது.

விலைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். மெட்ஸ் என்ற பேஸ்பால் அணி 2020இல் சுமார் 240 கோடி டாலருக்குப் போனது, ஓரியோல்ஸ் அணி 2024இல் 172.5 கோடிக்கு. பிரேவ்ஸை யாரோ 300 கோடிக்குக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். கடனுக்கு 50 கோடி கழித்தால் மீதி 250. மூன்று வகையும் சேர்த்துப் பங்குகள் ஆறு கோடிக்குச் சற்று மேல், 6.3 கோடி என்று வைத்து வகுத்தால் பங்குக்கு 39.70 டாலர் வருகிறது. நீங்கள் வாங்கியது 39! ‘300 கோடி’ என்று காதில் விழும்போது ஏற்படும் கிறுகிறுப்பு இந்த ஒரு வகுத்தலில் தெளிந்துவிடும்.

பேரம் முடிந்தாலும், பிரேவ்ஸ் ஆடும் பேஸ்பால் லீக்கின் 30 அணிகளில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 23 அணிகள், புதிய உரிமையாளரை ஏற்க வேண்டும். மெட்ஸை வாங்கிய ஸ்டீவ் கோயனுக்கு 26 ஓட்டு ஆதரவு, 4 எதிர்ப்பு. ‘விற்பதைப் பரிசீலிக்கிறோம்’ என்ற அறிவிப்பை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஏஞ்செல்ஸ் அணி உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோ 2022 ஆகஸ்டில் அப்படிச் சொன்னார், 2023 ஜனவரியில் மனம் மாறினார். ட்வின்ஸ் அணியின் போலாட் குடும்பம் 2024 அக்டோபரில் சொன்னது, பத்து மாதம் கழித்துச் சிறு பங்குகளை மட்டும் கொடுத்துவிட்டு அணியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. உண்மையில் ஒப்பந்தம் கையெழுத்தானால் நான்கு வேலை நாளுக்குள் ‘8-கே’ என்ற அறிக்கையைத் தாக்கல் செய்தாக வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம்.

வரி பெரிய தலைவலி இல்லை. இந்தியாவில் குடியிருப்பவருக்கு இந்த லாபத்தில் அமெரிக்கா பொதுவாகக் கை வைப்பதில்லை. நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று உறுதிசொல்லி செயலியில் கொடுத்த டபிள்யூ-8பென் படிவம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்குள் என்றால் உங்கள் வருமான வரம்புப்படி. மேலே சொன்ன முதல் வாசலில் தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், 24 மாதம் எப்போது நிறைகிறது என்று குறித்து வைப்பது நல்லது. பங்கை விற்காவிட்டாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் காட்ட வேண்டும். அது ஜனவரி–டிசம்பர் கணக்கு, ஏப்ரல்–மார்ச் அல்ல.

இன்னும் வாங்கலாமா என்றால், விற்பனைப் பேச்சை மட்டும் நம்பி வேண்டாம் என்பேன். மைதானத்தின் நினைவுக்காக இந்த 60 இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் பங்கை வாங்கிக்கொள்வதாக ஆஃபர் வந்தால், செயலியில் கடைசித் தேதியோடு ஓர் அறிவிப்பு வரும். தரகு நிறுவனங்கள் தங்கள் கெடுவை உண்மையான கெடுவுக்கு ஓரிரு நாள் முன்பே முடித்துவிடுவது வழக்கம். நீங்கள் பதில் கொடுக்காவிட்டால் ‘விற்க விருப்பமில்லை’ என்றே எடுத்துக்கொள்வார்கள். செயலியில் கொடுத்த மின்னஞ்சல் இப்போதும் நீங்கள் திறந்து பார்ப்பதுதானா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.