எந்த டெஸ்க்டாப்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்த பிறகு, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் லினக்ஸைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை டெஸ்க்டாப் தேர்வைப் பற்றியவை. லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது பட்டை, மெனு, சாளரங்கள் என்று திரையில் தெரியும் எல்லாம் அடங்கிய தொகுப்பு; க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி, சினமன், மாத்தே என்று அதில் பல உண்டு, விரும்பியதை நிறுவிக்கொள்ளலாம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரத்தோடு எழுதியவரின் கடிதத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கடிதம் மட்டும் அதற்கு விதிவிலக்கு. அதை முதலில் முடித்துவிடலாம்.

லினக்ஸில் எது சிறந்த டெஸ்க்டாப்? ஒரே வரியில் சொல்லவும்.
– வாசகர், செராஸ்

என்ன கணினி, எவ்வளவு ரேம், என்ன வேலை, யார் பயன்படுத்தப்போகிறார்கள் என்ற நான்கில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டிருப்பதால், என் பதிலும் ஒரே வரிதான்: கணினியில் எதையும் நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டிக் காட்டும் லைவ் யூஎஸ்பியில் இரண்டு மூன்றை ஓட்டிப் பார்த்து, கைக்குப் பழகியதை நிறுவிக்கொள்ளுங்கள்.

என் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். உபுண்டு நிறுவினேன், திறப்பதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எடை குறைந்த டெஸ்க்டாப்புக்கு மாறினால் வேகம் கூடுமா?
– வாசகர், செந்தூல்

ஓரளவு கூடும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அல்ல. எந்தச் செயலியும் திறக்காத நிலையில், உபுண்டுவோடு வரும் க்னோம் ஏறத்தாழ ஒன்றரை ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். பிளாஸ்மா ஒரு ஜிபியைச் சற்றுத் தாண்டும், எக்ஸ்எஃப்சிஇ முக்கால் ஜிபிக்குள் நிற்கும், எல்எக்ஸ்கியூடி அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கும். ஆக, மாறுவதால் மிச்சமாவது ஒரு ஜிபிக்கும் குறைவுதான். உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் அந்த மிச்சம் அப்படியே கரைந்துவிடும். 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ பொருத்தமானது, தாராளமாக மாறுங்கள். ஆனால் உங்களைக் காக்க வைப்பது டெஸ்க்டாப் அல்ல, ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டுச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால், க்னோமே அரை நிமிடத்தில் திறக்கும். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் அடிப்பக்கத்து மூடியைத் திறந்து நீங்களே மாற்றிவிட முடியும். கழற்றுவதற்கு முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் க்னோம் இருக்கிறது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வதில் சிக்கல் இல்லை. வீட்டில் பிளாஸ்மா. அங்கே ‘அம்மா’ என்று அடிக்கப் போனால் புள்ளி விழாமல் ‘அமம’ என்று நிற்கிறது. பிளாஸ்மாவில் தமிழ் சரியாக வராதா, ஐயா?
– ஆசிரியை, ஜெலுத்தோங், பினாங்கு

நன்றாகவே வரும், அம்மா. எந்த எழுத்தில் தவறுகிறது என்று நீங்கள் காட்டியிருப்பதால் காரணத்தைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. வீட்டில் தமிழை வெறும் விசைப்பலகைத் தளவமைப்பாகச் சேர்த்திருக்கிறீர்கள். தளவமைப்புக்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பது மட்டுமே தெரியும். அதற்கு முன் என்ன எழுத்து வந்தது என்று அது பார்ப்பதில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழ வேண்டும் என்பதும், பின்னால் வரும் உயிர் மெய்யோடு சேர வேண்டும் என்பதும் தமிழ்99-இன் விதிகள். அவற்றைச் செயல்படுத்த ஓர் உள்ளீட்டு முறை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். க்னோமில் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறை டெஸ்க்டாப்போடு இணைந்தே வருவதால், பள்ளியில் அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பிளாஸ்மாவில் ஃபெசிட்டிக்ஸ் 5 என்ற உள்ளீட்டு முறையையும், பல மொழிகளுக்கான தட்டச்சு விதிகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவுங்கள். பிறகு கணினி அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குள் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்று ஓர் இடம் இருக்கும். திரையில் தோன்றும் விசைப்பலகைக்கு உரியது என்று நினைத்துப் பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஃபெசிட்டிக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அதுதான். தேர்ந்தெடுத்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்து, ஃபெசிட்டிக்ஸின் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சேர்த்த தமிழ்த் தளவமைப்பை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் எது இயங்குகிறது என்று தெரியாமல் திண்டாட நேரும். தளவமைப்புப் பட்டியலில் டாப், டிஸ்கி என்ற பெயர்களோடு தமிழ் விசைப்பலகைகள் கண்ணில் படலாம். அவை யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்களுக்கு உரியவை, அவற்றைத் தொட வேண்டாம். மாணவர்களில் ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிப்பு முறையில் தமிழ் அடிப்பவர்கள் இருந்தால், அதுவும் அதே எம்17என் தொகுப்பில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடை நடத்துகிறோம். ஐந்து கணினிகளிலும் விண்டோஸ் 10. பணியாளர்கள் தடுமாறாத ஒரு டெஸ்க்டாப்பைச் சொல்லுங்கள்; ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறோம்.
– கடை உரிமையாளர், கோலாலம்பூர்

லினக்ஸ் மின்ட்டோடு வரும் சினமன் உங்களுக்குப் பொருந்தும். பட்டை கீழே, மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில் என்று எல்லாம் பழகிய இடத்திலேயே இருப்பதால், பணியாளர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் ஒரே நாளில் ஐந்தையும் மாற்றுவது என்ற முடிவை உடனே கைவிடுங்கள். உங்கள் சிக்கல் டெஸ்க்டாப்பில் இல்லை, அழைப்பிதழ்களை வடிவமைக்கும் கோரல்டிராவில் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் கோரல்டிரா கிடையாது. அதன் கோப்புகளை லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலி ஓரளவு திறக்கும். நிறச் சாயல்களும் எழுத்து அமைப்பும் அப்படியே வரும் என்று நம்பி, முகூர்த்த நாள் நெருங்கும் வேளையில் உட்காராதீர்கள். இன்னொன்று, பழைய அழைப்பிதழ்களை யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அமைத்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான் தெரியும். அந்த எழுத்துருக் கோப்புகளை லினக்ஸிலும் நிறுவலாம், ஆனால் முதலில் அவற்றைத் தேடி எடுத்து வைக்க வேண்டும்.

ஆகவே வரவேற்பு மேசைக் கணினியையும் கணக்குக் கணினியையும் முதலில் மாற்றுங்கள். மின்னஞ்சல், வங்கி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் எல்லாம் உலாவியிலேயே நடப்பவை. அவற்றுக்கு எந்த டெஸ்க்டாப் என்பது பொருட்டே அல்ல. வடிவமைப்புக் கணினிகளை இப்போதைக்கு அப்படியே விடுங்கள், ஆனால் அவற்றில் இணையம் வேண்டாம். எதையும் நிறுவுவதற்கு முன் லைவ் யூஎஸ்பியில் திறந்து, உங்கள் அச்சுப்பொறியில் ஒரு வண்ணப் பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள்.

காணொளி ஒன்றைப் பார்த்து, ஃபெடோரா லினக்ஸில் க்னோமை மேக் போல மாற்ற இருபது விரிவாக்கங்களைச் சேர்த்தேன். சலித்துப்போய் அதே கணக்கில் பிளாஸ்மாவையும் எக்ஸ்எஃப்சிஇ-யையும் நிறுவினேன். புதிய பதிப்புக்கு மேம்படுத்திய பிறகு, க்னோமில் நுழைந்தால் திரை கறுத்து மீண்டும் நுழைவுத் திரைக்கே வந்துவிடுகிறது. அடுத்த வாரம் ஆய்வறிக்கை ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதா?
– பல்கலைக்கழக மாணவர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

அழிக்காதீர்கள். நுழைவுத் திரையில் பிளாஸ்மாவைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், ஆய்வறிக்கையை முதலில் ஒரு யூஎஸ்பியில் நகலெடுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான். அடுத்து, புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் க்னோமைத் திறந்து பாருங்கள். அநேகமாகத் திறக்கும். திறந்தால் பழுது கணினியில் இல்லை, உங்கள் கணக்கின் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது என்று பொருள். அந்தப் புதிய கணக்கிலேயே ஆய்வறிக்கையை முடித்து ஒப்படையுங்கள். பிறகு நிதானமாகப் பழைய கணக்கின் விரிவாக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தால், எது கெடுக்கிறது என்று தெரிந்துவிடும்.

இத்தகைய கடிதம் வராத மாதமே இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காணொளிகளைச் செய்பவர்கள், அலங்காரம் முடிந்த அன்றைய திரையை மட்டும் காட்டுகிறார்கள். அடுத்த மேம்படுத்தலுக்குப் பிறகு அதே திரை என்ன ஆயிற்று என்று எவரும் காட்டி நான் பார்த்ததில்லை. க்னோம் ஆண்டுக்கு இரு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பை வெளியிடுகிறது. விரிவாக்கங்கள் தனிச் செயலிகள் அல்ல. திரையை நடத்தும் க்னோம் ஷெல்லின் உள்ளே புகுந்து அதன் நிரலையே மாற்றி இயங்குபவை. உட்பகுதி மாறினால் அவையும் திருத்தப்பட வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-இல் நிரற்கூறுகளை இறக்கும் முறையே மாறியதால், அதற்கு முந்தைய விரிவாக்கங்கள் ஒன்றுகூட மாற்றி எழுதப்படாமல் ஓடவில்லை. இருபது விரிவாக்கங்கள் என்றால், தத்தம் ஓய்வு நேரத்தில் எழுதும் இருபது பேர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்காக வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். சாளரங்களைத் திரையில் காட்டும் வேலையைப் பழைய எக்ஸ்11-இடமிருந்து ஏற்றுவரும் வேலண்டில் இன்னொரு விளைவும் உண்டு: அங்கே ஷெல் விழுந்தால், திறந்திருக்கும் சாளரங்களும் சேமிக்காத பத்தியும் சேர்ந்தே விழும்.

ஒரே கணக்கில் மூன்று டெஸ்க்டாப்களை அடுக்குவது இதைவிட மோசம். பிளாஸ்மா தன் தோற்றத்தை ஜிடிகே செயலிகளுக்கும் (க்னோம் செயலிகள் எழுதப்படும் கருவித்தொகுப்பு அது) பொருத்துவதற்காக எழுதி வைக்கும் அமைப்புகளை க்னோம் செயலிகளும் படிக்கும். அங்கே மாற்றிய சுட்டியும் படவுருக்களும் இங்கே பாதியாக வந்து நிற்கும். கடவுச்சொல் பெட்டகம் இரண்டு, கோப்பு மேலாளர் மூன்று, புதுப்பிக்கச் சொல்லி நச்சரிக்கும் செயலி இரண்டு என்று வீடு நிறைந்த சண்டை. ஒன்றை நீக்க முயன்றால், அதோடு தேவையான தொகுப்பும் போகும். மேக் போன்ற தோற்றம்தான் வேண்டுமென்றால், பிளாஸ்மாவில் பட்டையை நடுவில் மிதக்க விடுவதற்கு ஒரு விரிவாக்கமும் தேவையில்லை. வேறு டெஸ்க்டாப்பைப் பார்க்க ஆசை வந்தால் லைவ் யூஎஸ்பி இருக்கிறது. அதுவும் போதாதென்றால் தனிப் பயனர் கணக்கு இருக்கிறது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் உபுண்டுவில் இருந்த அந்தப் பழைய தோற்றம் இப்போது கிடைக்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

மாத்தே. க்னோம் 3 வந்த 2011-இலேயே, பழைய க்னோம் 2-இன் நிரலிலிருந்து கிளைத்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கும்.

எல்எக்ஸ்டிஇ நல்லதா, எல்எக்ஸ்கியூடி நல்லதா?
– வாசகர், கெப்போங்

எல்எக்ஸ்கியூடி. எல்எக்ஸ்டிஇ-யோடு வந்துகொண்டிருந்த லுபுண்டுவே 2018-இல் 18.10 பதிப்போடு எல்எக்ஸ்கியூடி-க்கு மாறிவிட்டது. என்ன கணினி என்று நீங்களும் எழுதவில்லை.

எழுபது வயதான என் அம்மா தமிழ் நாளிதழ்களைப் படிக்கவும் பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசவும் ஒரு கணினி அமைத்துத் தரப்போகிறேன். கண்பார்வை மங்கல். எது எளிது?
– வாசகி, பட்டர்வொர்த்

விரிவாக்கம் எதுவும் சேர்க்காத க்னோம். அணுகல் அமைப்புகளில் ‘பெரிய எழுத்து’ என்ற ஒற்றைப் பொத்தானை இயக்குங்கள். சுட்டியின் அளவையும் அங்கேயே கூட்டலாம். கீழ்ப்பட்டையில் உலாவி, காணொளி அழைப்பு இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவினால், சிறிய அளவிலும் கொம்பும் சுழியும் தெளிவாகத் தெரியும். மொழியையும் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும், ஆனால் பெரும்பாலான மெனுக்கள் தமிழில் வரும். நிறுவுவதற்கு முன் லைவ் யூஎஸ்பியில் கேமராவும் ஒலிவாங்கியும் வேலை செய்கின்றனவா என்று அம்மாவை உட்கார வைத்தே சோதியுங்கள்.

வேலண்டா, எக்ஸ்11-ஆ? அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் வேலண்டில் திணறுகிறது.
– வாசகர், ஜாலான் ஈப்போ

போக்கு வேலண்டை நோக்கித்தான். 2025-இல் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்து வைத்திருக்கிறது, உபுண்டு 25.10-இன் க்னோமில் அந்தத் தேர்வே இல்லை. உங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வேலண்டை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், இன்னும் எக்ஸ்11-இல் இயல்பாக ஓடும் எக்ஸ்எஃப்சிஇ, சினமன், மாத்தே ஆகியவற்றில் ஒன்றை, லைவ் யூஎஸ்பியில் ஓட்டிப் பார்த்த பிறகு, அலுவலகக் கணினிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.