ரேஸ் காரின் இரண்டாவது இருக்கை

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பையனுக்குப் பதினாறரை வயது, பிளஸ் ஒன், கணிதம்-கம்ப்யூட்டர் குரூப். “ஃபார்முலா ஒன் டிரைவர் ஆகப் போற எனக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு?” என்று கேட்கிறான். அவன் அப்பாவோ பேச்சையே நிறுத்திவிட்டார். கடைசி வரியில், “ஒரு நல்ல பைக் வாங்கிக் கொடுத்தால் அடங்கிவிடுவானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வாங்கிக் கொடுக்காதீர்கள். 18 வயது ஆகாத பிள்ளை கியர் வண்டி ஓட்டிச் சிக்கினால், சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ரேஸுக்கும் அந்த பைக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல்லடம் ரோட்டில் பறக்கிறவனை எந்த டீமும் திரும்பிக்கூடப் பார்க்காது.

சரி, டிரைவர் ஆசைக்கு வருகிறேன். இதில் அவனிடம் உண்மையை மறைப்பதால் பயனில்லை. கார் ரேஸின் உச்சப் போட்டியான ஃபார்முலா ஒன்னில் 2025 வரை உலகம் முழுவதுக்கும் சேர்த்தே 20 இருக்கைகள்தான், 2026 முதல் 22. பல முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதில் கார்ட் என்ற சிறிய ரேஸ் வண்டியை ஓட்டத் தொடங்கினார். மகனின் செலவுக்காக அவருடைய அப்பா ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். 1998-இல், பையனுக்கு 13 வயதிருக்கும்போது மெக்லாரன் அணி ஆதரவு கொடுக்க முன்வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் மூச்சுவிட்டது. இன்னொரு சாம்பியனான வெர்ஸ்டாப்பனின் அப்பாவே ஃபார்முலா ஒன் ஓட்டியவர்.

நம் ஊர்க் கதையும் இதேதான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் கோவையின் நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பா பெயர் பெற்ற ரேலி வீரர். மகனை 15 வயதிலேயே பிரான்சில் உள்ள ரேஸிங் பள்ளிக்கு அனுப்பினார். அடுத்து வந்தவர் சென்னையின் கருண் சந்தோக். தாத்தா, அப்பா என்று மூன்று தலைமுறையாக மோட்டார் ரேஸோடு வாழ்ந்த குடும்பம் அது. இத்தனை பின்புலம் இருந்தும் இருவருக்குமே ஃபார்முலா ஒன் வாழ்க்கை நீளமாக அமையவில்லை. கருண் இன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் வர்ணனையாளராகப் பிரமாதமாகச் செய்கிறார். அதுவும் ஒரு தொழில்தான், நினைவில் வையுங்கள்.

அப்புறம் பணம். ஃபார்முலா ஒன்னுக்குப் போகும் ஏணியின் கீழ்ப்படியான ஃபார்முலா 4-ஐ ஐரோப்பாவில் ஒரு சீசன் ஓட்டவே கோடிகளில் செலவு. ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2 என்றால் ஆண்டுக்கு 20 கோடியைத் தாண்டும். உங்கள் பனியன் யூனிட்டை விற்றாலும் எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு ஃபார்முலா ஒன் ஓட்ட சூப்பர் லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும். பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும், கீழ்நிலைப் போட்டிகளில் மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகள் எடுத்திருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சாதாரண ரோடு டிரைவிங் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும்.

“அஜித் ஐம்பது வயசுக்கு மேல ஓட்டலையா?” என்று உங்கள் மகன் கேட்பான். என்னிடம் வரும் பையன்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஆனால் ஒரே காரை நான்கைந்து பேர் மாறி மாறி ஓட்டும் அந்த வகைப் போட்டி வேறு, ஃபார்முலா ஒன் வேறு. அவர் அணி நடத்துவது சினிமாவில் சம்பாதித்து நின்ற பிறகு. முதலில் ஒரு தொழில், பிறகு ரேஸ் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்த வரிசை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். ஆரம்ப கால ரேஸ் காரில் இரண்டு இருக்கைகள் இருந்தன. ஒன்றில் டிரைவர், பக்கத்தில் மெக்கானிக். ஆயில் அழுத்தம் பார்ப்பது, டயரைக் கவனிப்பது, பின்னால் யார் வருகிறார்கள் என்று சொல்வது எல்லாம் அந்த மெக்கானிக்கின் வேலை. 1911-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 என்ற கார் ரேஸ் முதல்முறை நடந்தபோது ரே ஹாரூன் என்பவர் மட்டும் தனியாக வந்தார். பின்னால் பார்க்க ஆள் இல்லையே, ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். 6 மணி 42 நிமிடத்தில் ஜெயித்தார். அவர் மார்மன் கார் கம்பெனியின் இன்ஜினியர். ஐந்து முறை உலக சாம்பியனான அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோவும் சிறுவயதில் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையோடு வளர்ந்தவர்தான்.

அந்த இரண்டாவது இருக்கை பிறகு காரிலிருந்து இறங்கி, டிராக் ஓரத்தில் காரைக் கவனிக்கும் பிட்டுக்குப் போனது, அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போனது. இன்று இரண்டு பேர் ஓட்டுவதற்காக ஒரு ஃபார்முலா ஒன் அணியில் பல நூறு பேர் வேலை செய்கிறார்கள். காரின் மேல் காற்று பாயும் விதம், சஸ்பென்ஷன், மென்பொருள், டேட்டா என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள். அவன் கேட்ட கெமிஸ்ட்ரிக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. டயர் என்பதே கெமிஸ்ட்ரிதான்.

இதற்கு நீங்கள் லண்டன் வரை யோசிக்க வேண்டாம். திருப்பூரிலிருந்து பல்லடம் வழியாகச் செட்டிபாளையம் ஒரு மணி நேரம். அங்கே இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக், கோவைக்காரரான கரிவர்தன் நினைவாக 2003-இல் திறக்கப்பட்டது. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கியவர் அவர். நரேன் தன் முதல் ரேஸில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். ஓட்டியவர் பெயர் உங்கள் மகனுக்குத் தெரியும். செய்தவர் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதே டிராக்கில் ‘ஃபார்முலா பாரத்’ என்ற போட்டி நடக்கிறது. இந்தியா முழுவதிலுமிருந்து இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே செய்த ஃபார்முலா காரோடு வருவார்கள். இந்த ஸ்பிரிங்கை ஏன் போட்டாய், இதற்கு எவ்வளவு செலவானது என்று நடுவர்கள் குடைந்து எடுப்பார்கள். காரைச் செய்த மாணவர்களில் சிலரே அதை ஓட்டவும் செய்வார்கள்! டிரைவர் இருக்கைக்கு உங்கள் மகனுக்கு இருக்கும் நடைமுறை வழி இதுதான் என்பேன். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ரஃப்தார் அணியைப் போல நல்ல கல்லூரிகள் பலவற்றில் இப்படி அணிகள் இருக்கின்றன. கவுன்சலிங்கில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே அணி இருக்கிறதா, ஒர்க்‌ஷாப் சாவி மாணவர் கையில் கிடைக்குமா என்று நேரில் போய் விசாரியுங்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடுவதால் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளில் கொஞ்சம் குறைந்த கட்-ஆஃபுக்கே நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்புண்டு. ரேஸ் அணியில் வேலை கிடைக்காவிட்டாலும், ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டி செய்யும் கம்பெனிகள் இந்த அனுபவத்தைக் கேட்டு வாங்குகின்றன. மேலே படிக்க வேண்டுமானால் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களில் மோட்டார் ஸ்போர்ட்டுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

டிராக் பாதுகாப்பானதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹெல்மெட், உடை, மருத்துவர் எல்லாம் இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். 2023-இல் மட்டும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு மூத்த கார் வீரரும் 13 வயது பைக் வீரர் ஒருவரும் உயிரிழந்தார்கள். அவன் கார்ட் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், முறையான பயிற்சியாளரிடம் மட்டும் அனுப்புங்கள்.

செட்டிபாளையத்தில் அடுத்த ரேஸ் எப்போது என்று விசாரித்து, அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். சத்தம் அதிகமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் ரேஸைப் பார்க்க வேண்டாம், மகனைப் பாருங்கள். கார் போகிற பக்கமே கண் போகிறதா, டயர் கழற்றுகிற இடத்தில் கால் நிற்கிறதா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து அடுத்த கட்டத்தைப் பேசலாம்.