இரண்டு விடை மிஞ்சும்போது: தர்க்கக் கேள்விகளுக்குச் சில பதில்கள்

ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு), எல்சேட் (சட்டப் படிப்புக்கானது) எழுதப்போகும் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்தத் தேர்வுகளின் தர்க்கக் கேள்வியில் ஒரு சிறு வாதப் பத்தியும் ஐந்து விடைகளும் இருக்கும்; ஒன்றே சரி. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம்.

ஐந்து விடைகளில் மூன்றைச் சட்டென்று தள்ளிவிடுகிறேன். மிச்ச இரண்டில் பெரும்பாலும் தப்பானதையே எடுக்கிறேன். ஏன்?

மிச்சமுள்ள இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுகிறீர்கள். பத்தி வந்தடையும் முடிவோடுதான் ('ஆகவே' என்று சொல்வதோடு) ஒவ்வொன்றையும் ஒப்பிட வேண்டும். இதைப் பாருங்கள்:

'ஒரு தோட்டத்தில் சென்ற ஆண்டு புது உரத்துக்கு மாறினார்கள். இந்த ஆண்டு செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை விளைச்சல் 12 சதவீதம் கூடியது. ஆகவே, விளைச்சலைக் கூட்டியது புது உரம்தான்.' இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?

அ) எண்ணெய் விலை சரிந்ததால் தோட்டத்தின் வருமானம் கூடவில்லை.
ஆ) பழைய உரத்தையே போட்ட பக்கத்துத் தோட்டத்திலும் விளைச்சல் ஏறத்தாழ அதே அளவு கூடியது.

'அ' கெட்ட செய்தி. அதனால் வாதத்தைக் கெடுப்பதுபோல் தெரிகிறது. ஆனால் முடிவு பேசுவது விளைச்சலைப் பற்றி, வருமானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'ஆ' நேராகக் காரணத்தில் கை வைக்கிறது: மழையோ வேறெதுவோ இரண்டு தோட்டத்துக்கும் பொதுவாக உதவியிருக்கலாம். விடைகளைப் படிக்கும் முன்பே முடிவை ஐந்தாறு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்: 'உரத்தால் விளைச்சல் கூடியது.' பேசுபொருள் மாறும் விடைகள் அந்த வரிக்கு முன்னால் நிற்காது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு பொறி, சதவீதத்தையும் எண்ணிக்கையையும் மாற்றிப் போடுவது. விபத்தில் சிக்கியவர்களில் ஒரு பிரிவினரின் சதவீதம் குறைந்தது என்றால், அவர்களின் எண்ணிக்கை குறைந்தது என்று ஆகாது. மொத்த விபத்துகள் கூடியிருக்கலாம்.

வாதம் எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டால் திணறுகிறேன்.

ஊகம் என்பது, வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்து. விடையை மறுத்துப் பாருங்கள். மேலே உள்ள வாதத்துக்கு ஒரு விடை, 'இந்த உயர்வு புதிதாகக் காய்ப்புக்கு வந்த மரங்களால் வந்ததல்ல' என்று வைத்துக்கொள்வோம். மறுத்தால்: 'இந்த உயர்வு புதிதாகக் காய்ப்புக்கு வந்த மரங்களால் வந்தது.' வாதம் படுத்துவிடுகிறது. ஆகவே அதுதான் விடை. மறுத்த பிறகும் வாதம் நிற்கிறதென்றால் விட்டுவிடுங்கள், அந்த விடை எவ்வளவு நியாயமாக ஒலித்தாலும் சரி.

பலர் தடுக்கி விழுவது மறுக்கும் முறையில். 'எல்லா மரமும் காய்த்தது' என்பதற்கு மறுப்பு 'ஒரு மரமும் காய்க்கவில்லை' ஆகாது. 'குறைந்தது ஒரு மரம் காய்க்கவில்லை' என்பதுதான். இந்த முறைக்கு நேரம் பிடிக்கும். ஐந்துக்கும் போடாதீர்கள், கடைசி இரண்டுக்கு மட்டும் போதும்.

செம்பனையில் பூ ஆணா பெண்ணா (பெண் பூதான் குலையாகும்) என்பதே குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு முன் முடிவாகிறது. ஓராண்டில் உரம் பலன் தந்தது என்ற பத்தியை எப்படி ஏற்பது?

தோட்டத்துப் பிள்ளைக்கு வரவேண்டிய சந்தேகம்தான்! ஆனால் தேர்வில் உங்கள் அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது. 'விளைச்சல் கூடியது' என்று பத்தி சொன்னால் அது உண்மை, அதோடு சண்டை போட வேண்டாம். அந்த உண்மையிலிருந்து முடிவுக்குத் தாவும் இடம் ஒன்றைத்தான் நீங்கள் தாக்கலாம். நீங்கள் சொன்ன தகவலே ஒரு விடையாக வந்திருந்தால், அது பிரமாதமான விடை. வராவிட்டால், அதை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு விடைக்கு முட்டுக் கொடுக்காதீர்கள். கேள்வியில் 'உண்மையென்று கொண்டால்' என்று இருந்தால், விடைகளின் உண்மையையும் சோதிக்கத் தேவையில்லை.

முதலில் பத்தியா, கேள்வியா?

கேள்வி. பலப்படுத்துவதா, பலவீனப்படுத்துவதா, ஊகமா என்று தெரிந்துகொண்டு பத்திக்குப் போங்கள். விடைகளை மட்டும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். ஐந்தில் நான்கு உங்களைத் திசைதிருப்ப எழுதப்பட்டவை.

'மட்டுமே' வந்தால் குழம்புகிறேன்.

'அனுமதி அட்டை உள்ளவர்கள் மட்டுமே ஆலைக்குள் போகலாம்.' உள்ளே இருப்பவரிடம் அட்டை உண்டு என்று இதிலிருந்து சொல்லலாம். அட்டை உள்ளவரெல்லாம் உள்ளே போகலாம் என்று சொல்ல முடியாது. காலணி இல்லையென்று காவலர் திருப்பியும் அனுப்பலாம். அம்புக்குறி போட்டு எழுதுங்கள்: உள்ளே → அட்டை. அம்பைத் திருப்பிப் படித்தால் தப்பு.

நேரம் போதவில்லை.

இப்போதைய ஜிமேட்டில் மொழிப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்வி. சராசரி 2 நிமிடத்துக்கும் குறைவு; வாசிப்புப் பத்திகளும் அதில் பங்கு கேட்கும். ஒரு கேள்வியில் இரண்டரை நிமிடம் தாண்டினால் இருப்பதில் நல்லதைத் தேர்ந்து, அடையாளம் போட்டு நகருங்கள். கடைசியில் நேரம் மிஞ்சினால் ஒரு பகுதியில் 3 விடைகள் வரை மாற்றலாம். முடிக்காமல் விட்ட கேள்விகளுக்கு மதிப்பெண் குறையும், அதனால் ஊகித்தாவது போடுங்கள். எல்சேட்டில் ஒரு பகுதிக்கு 35 நிமிடம். தப்பான விடைக்குக் கழிவு இல்லை.

வீட்டில் பயிற்சி செய்யும்போது முதல் இரு வாரம் கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும், உங்களை இழுத்த விடை எதனால் இழுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: 'பேசுபொருள் மாறியது', 'அளவு மீறியது' (பத்தி சொன்னதைவிட அதிகம் சொன்னது), 'அம்பு திரும்பியது'. சரியான விடை ஏன் சரி என்று எழுதுவதைவிட இது அதிகம் உதவும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வாரம் அந்த வகைக் கேள்விகளை மட்டும் செய்யுங்கள்.