முதல் கறுப்பின சூப்பர்ஹீரோ லூக் கேஜா?

கட்டுரையில் மார்வெல் காமிக்ஸ் நாயகரான லூக் கேஜை "முதல் கறுப்பின சூப்பர்ஹீரோ" என்று எழுதியதை உங்கள் பேராசிரியர் அடித்துவிட்டார் என்கிறீர்கள். அவர் செய்தது சரிதான். அதே மார்வெலின் கறுப்பின நாயகரான பிளாக் பாந்தர், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் 1966 ஜூலை இதழிலேயே வந்துவிட்டார். (அதே பெயர் கொண்ட அமெரிக்கக் கறுப்பின உரிமைக் கட்சி தொடங்கியது அந்த அக்டோபரில்தான், பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.) இன்னொரு கறுப்பின நாயகரான ஃபால்கன் வந்தது 1969இல்.

ஆனால் கேஜை வெட்டிவிடாதீர்கள். தன் பெயரிலேயே தனி இதழ் கிடைத்த முதல் கறுப்பின சூப்பர்ஹீரோ அவர்தான், 1972இல். அப்புறம், பாந்தர் கற்பனை நாட்டு மன்னர். கேஜ் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம்காரர், செய்யாத குற்றத்துக்குச் சிறை போனவர், வெளியே வந்து கூலிக்கு வேலை செய்கிறவர். அந்தக் கூலியில் என் மனம் இன்றும் இடறுகிறது: வெள்ளை நாயகர்கள் இலவசமாக உலகைக் காப்பாற்ற, இவருக்கு மட்டும் ஏன் கட்டணம்? உங்கள் கட்டுரைக்கு அந்தக் கேள்வியே போதும்.