பசுமைக்குடில் குளிரைத் தராது: தென்னாப்பிரிக்கக் கிழங்குப் பூக்கள் நம்மூரில்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறிய பசுமைக்குடில் போட்டிருக்கிறேன். ஃப்ரீசியா, லாச்சினேலியா, நெரைன் கிழங்குகளை வரவழைத்து நட்டேன். இலை வந்தது, பூ வரவில்லை. ஆடி மாத ஈரத்தில் பாதி அழுகிப்போயிற்று. இவற்றை ஒன்றோடொன்று கலந்து புது ரகம் எடுக்கவும் ஆசை. வழி உண்டா?

பதில்: முதலில் கலப்பு விஷயம். ஃப்ரீசியா ஐரிஸ் குடும்பம், லாச்சினேலியா அஸ்பராகஸ் குடும்பம், நெரைன் அமரில்லிஸ் குடும்பம். இவை ஒன்றுக்கொன்று சேரவே சேராது.

இனி பூ வராத காரணம். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனைச் சுற்றிய தென்மேற்கு மூலையில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை காய்ந்து கிடக்கும். உங்கள் கிழங்குகள் அந்தப் பழக்கத்தில் வந்தவை. ஃப்ரீசியாவின் உறக்கம் கலைய 30 டிகிரி சூட்டில் மூன்று மாதம் போல உலர்ந்திருக்க வேண்டும். அது நமக்குச் சுலபம். ஆனால் முளைத்த பிறகு பூக்குருத்து பிடிக்க, மண் 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் சமவெளியில் மார்கழி இரவுகூட 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஐரோப்பாவில் பசுமைக்குடில் குளிரைத் தடுக்கப் போடுவது. நமக்கு அது மழைக்குப் பிடித்த குடை, அவ்வளவுதான். பகலில் வெளியைவிட உள்ளேதான் புழுக்கம். ஏசி வைத்துக் குளிர்விக்கலாம், கரண்ட் பில் கட்டத் தெம்பிருந்தால்.

அதே நாட்டின் கிழக்குப் பக்கம், குவாசூலு-நட்டால் வட்டாரத்தில், கோடையில்தான் மழை. அங்கிருந்து வரும் கிழங்குகளை எடுங்கள். மே மாதத்தில் சிவப்புப் பந்தாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லி எத்தனை வீட்டு முற்றத்தில் நிற்கிறது! ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடியை யாரும் சீராட்டுவதில்லை. அன்னாசி போலப் பூங்கொத்து விடும் யூகோமிஸும் முயன்று பார்க்கலாம். ஆனால் கலப்புக்கு என் ஓட்டு கிரைனம் என்ற கிழங்குச் செடி இனத்துக்கே. நம் கடற்கரையில் தானாக நிற்கும் விஷமூங்கிலும் ஒரு கிரைனம்தான். கிரைனம் பல்பிஸ்பெர்மம், கிரைனம் மூரெய் இரண்டும் தென்னாப்பிரிக்கா. இந்த இரண்டின் கலப்பில் பிறந்ததுதான் பவெல்லி என்ற பழைய ரகம். மூரெய் காட்டு நிழல் செடி, அதற்கு நிழல்வலை வேண்டும்.

விஷமூங்கிலைத் தாயாக வைத்துத் தொடங்குங்கள். பூ அந்தி சாயும்போது விரியும். அதனால் மதியம் மூன்று, நான்கு மணிக்கே, உப்பி நிற்கும் மொட்டின் நுனியை விரலால் பிரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் சாமணத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். பை வெடித்து மஞ்சள் தூள் தெரிந்தால் அந்த மொட்டை விட்டுவிடுங்கள். பிறகு மெல்லிய துணிப்பை கட்டி, மறுநாள் காலையிலும் மாலையிலும் மற்றச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்காவிட்டால், மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். சில வாரம் தாங்கும். ஃப்ரீசரில் இன்னும் அதிகம். தாயின் பெயரை முதலிலும் தந்தையின் பெயரைப் பின்னும் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.

எல்லாப் பூவும் பிடிக்காது. பிடித்தால் காய் தடித்து, ஓரிரு மாதத்தில் வெடிக்கும். விதை நெல்லிக்காய் போலச் சதைப்பற்றானது; காயவைத்துச் சேமிக்க முடியாது, மேஜைமேல் வைத்தாலே முளை விடும். கைக்கு வந்ததும் பாதி புதைத்து நட்டுவிடுங்கள். பூ பார்க்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகலாம்.

மண் கலவையில் கோகோபீட்டை (தென்னைநார்க் கழிவுத் தூள்) குறையுங்கள். செம்மண்ணோடு ஆற்றுமணலும் உடைந்த செங்கல் துண்டும் சரி. கிழங்கின் கழுத்து வெளியே தெரியட்டும். மழைக்காலத்தில் கருப்பு, வெள்ளை, சிவப்புப் புள்ளியோடு ஒரு புழு வந்து இலையை மொட்டையடிக்கும். அதிகாலையில் பொறுக்குவதைவிட நல்ல மருந்து இல்லை.

வெளிநாட்டிலிருந்து கிழங்கோ விதையோ வரவழைக்க 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம். அங்கே கோடை வரும்போது இங்கே குளிர்காலம். வந்த கிழங்கு நம் பருவத்துக்குத் திரும்ப ஒரு வருடம் விடுங்கள். மீந்திருக்கும் ஃப்ரீசியாவை வீசவேண்டாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தெரிந்தவர் இருந்தால் ஐப்பசிக்குள் கொடுத்தனுப்புங்கள்.