கொடி ஏன் ஏறவில்லை? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஊக்கமருந்துத் தடை வந்தால் நாட்டின் பெயரும் கொடியும் என்ன ஆகும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் பல வருடம் பூப்பந்து நடுவராக இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செந்தூல்: டோக்கியோ ஒலிம்பிக்கில் "ஆர்ஓசி" என்று வந்தது ரஷ்யாதானே?

ரஷ்யாதான். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகச் சுவரில் ஓட்டை போட்டு, இரவோடு இரவாகச் சிறுநீர்ப் புட்டிகளை மாற்றினார்கள். அதற்காக 2018 பியோங்சாங்கில் "ரஷ்யாவிலிருந்து வந்த ஒலிம்பிக் வீரர்கள்" என்ற பெயரில் ஆட வேண்டியதாயிற்று. அப்புறம் மாஸ்கோ ஆய்வகத் தரவிலும் கை வைத்தது தெரிந்து, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2019-இல் 4 ஆண்டுத் தடை போட, விளையாட்டு நடுவர் மன்றம் அதை 2 ஆண்டாகக் குறைத்தது. டோக்கியோவில் "ரஷ்ய ஒலிம்பிக் குழு" என்று முழுசாக எழுதக்கூடாது, சுருக்கம் மட்டும்தான். தேசிய கீதத்துக்குப் பதில் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் பியானோ இசை. அந்த இசை 20 தங்கத்துக்கு ஒலித்தது. அரசே சேர்ந்து ஏமாற்றியதற்கு இந்தத் தண்டனை ரொம்பக் குறைவு என்பேன்.

புக்கிட் மெர்தாஜாம்: நம் மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியபோது நம் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அது தனிநபர் வழக்கு. 2014 உலகப் போட்டி வெள்ளி போனது, 8 மாதத் தடை வந்தது, அவ்வளவுதான். ஓர் ஆட்டக்காரர் சிக்கினால் கொடி இறங்காது. நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பே விதி தவறினால்தான் இறங்கும்.

பட்டர்வொர்த்: அப்படியானால் தோமஸ் கிண்ண ஆண்கள் அணிப் பூப்பந்துப் போட்டியில் இந்தோனேசியா என்ன தப்பு செய்தது?

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 2021 அக்டோபர், டென்மார்க்கின் ஆர்ஹுஸ். ஜொனாதன் கிறிஸ்டி கடைசிப் புள்ளி எடுத்ததும் 19 வருடம் காத்திருந்த கிண்ணம் கைக்கு வந்தது, சீனாவை 3-0 என்று வென்றார்கள். நான் வீட்டில் டிவி முன்னால் எழுந்தே நின்றுவிட்டேன். பரிசு மேடையில் பார்த்தால் ஏறியது சிவப்பு வெள்ளைக் கொடி இல்லை, அவர்கள் பூப்பந்துச் சங்கத்தின் கொடி. அந்த அணியில் யாரும் மருந்து எடுத்துச் சிக்கவில்லை! அவர்கள் நாட்டு அமைப்பு சோதனைத் திட்டத்தைச் சரியாக நடத்தவில்லை என்று வாடா சொன்னது. அதே சமயம் தாய்லாந்துக்கும் தண்டனை, அங்கே சட்டம் வாடாவின் புது விதிக்குப் பொருந்தவில்லை. அலுவலகத்தில் வேலை நடக்காததற்கு வியர்வை சிந்தியவன் கொடியை இழப்பது நியாயமே இல்லை. 2022 பிப்ரவரியில் தடை நீங்கியது, ஆனால் அந்த மேடை திரும்பி வருமா?

பிரிக்பீல்ட்ஸ்: பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் கொடியில்லாமல் வந்ததும் இதனால்தானா?

இல்லை, அது உக்ரைன் போருக்காக. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கெப்போங்: நமக்கும் இப்படி நடக்குமா?

நடக்கலாம். நம் நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான அடாமஸ் விதி தவறினால் இதே கதைதான். 2021 தடையில் ஒலிம்பிக்குக்கும் பாராலிம்பிக்குக்கும் மட்டும் விலக்கு இருந்தது, மற்ற பெரிய போட்டிகளில் கொடி ஏறாது. தடை நீங்கும்வரை நம் புக்கிட் ஜாலில் அரங்கில் உலகப் போட்டி நடத்தும் வாய்ப்பும் கிடைக்காது.