152-ஐயும் 475-ஐயும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளில் யார் பெரியவர் என்று எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. மகன் ஆரன் ராட்ஜர்ஸ் என்கிறான். நான் பிரெட் ஃபார்வின் ஆட்டத்தைப் பார்த்து அந்த அணியோடு ஒட்டிக்கொண்டவன். பார்ட் ஸ்டாரை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. 152 டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்த்த வீச்சுகள்), 138 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சுகள்) என்ற கணக்கோடு அவர் இன்றைக்கு வந்தால் மாற்று ஆட்டக்காரராகக்கூட இடம் கிடைக்காது என்கிறான் மகன். உங்கள் தீர்ப்பு என்ன?
— ஒரு வாசகர், மில்வாக்கி

பதில்: ஸ்டார்தான். அடுத்து ராட்ஜர்ஸ், மூன்றாவது ஃபார்வ்.

உங்கள் மகன் எண்களைச் சரியாகத்தான் சொல்கிறார். அவை எந்த மாதிரி ஆட்டத்தில் எடுக்கப்பட்டவை என்பதைத்தான் கேட்கவில்லை. ஸ்டார் ஆடியது 1956 முதல் 1971 வரை. பாஸ் வாங்க ஓடுகிறவரைப் பந்து கையை விட்டுக் கிளம்பும்வரை இடிக்கலாம், மறிக்கலாம் என்றிருந்த காலம் அது. குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டித் தடுக்கக் கூடாது. பாய்ந்து வரும் எதிராளியோ அவர்கள் தலையில் ஓங்கி அறையலாம், அதற்குத் தண்டனை கிடையாது. 1978-ல்தான், ஐந்து யார்டுக்கு அப்பால் ஓடுகிறவரைத் தொடக் கூடாது, முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டலாம் என்று விதி மாறியது. 2004-ல் அந்த விதியை இன்னும் கறாராக அமல்படுத்தினார்கள். 2008-ல் ராட்ஜர்ஸ் பொறுப்பேற்றபோது ஆட்டமே பாஸ் போடுகிறவர் பக்கம் சாய்ந்திருந்தது.

ஆகவே ஸ்டாரை அவர் காலத்து ஆட்களோடு நிறுத்திப் பாருங்கள். ஜானி யூனைட்டஸ்: 290 டச்டவுன், 253 இன்டர்செப்ஷன். ஜோ நேமத்: 173 டச்டவுன், 220 இன்டர்செப்ஷன். இருவருமே ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள். அந்த வரிசையில் 138 என்பது வெட்கப்பட வேண்டிய எண் இல்லை. 1966-ல் ஸ்டார் போட்ட 251 பாஸ்களில் எதிரணி பறித்தது வெறும் 3. அந்த ஆண்டின் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், அவர்தான். இன்னொன்று: எந்த ஒரு சீசனிலும் அவர் 300 பாஸ் போட்டதே இல்லை. பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுவதுதான் கோச் வின்ஸ் லொம்பார்டியின் ஆட்டம். ராட்ஜர்ஸோ முழு சீசன் ஆடினால் 500-ஐத் தாண்டுவது வழக்கம். அப்படியிருக்க மொத்த டச்டவுனை வைத்து இருவரையும் ஒப்பிடுவது எப்படி நியாயமாகும்?

பட்டியலில் வராத ஒரு வேலையும் ஸ்டாருக்கு இருந்தது. ஹெல்மெட்டுக்குள் ரேடியோ இல்லாத காலம். அடுத்து என்ன ஆடுவது என்பதைக் களத்தில் நின்றபடி அவரே முடிவு செய்தார். மூன்றாவது முயற்சி, ஒரே ஒரு யார்டு வேண்டும் என்றால் எதிரணி முழுக்க நடுவில் வந்து குவியும். ஸ்டார் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டிவிட்டுத் தூரமாக வீசிவிடுவார்.

1967 டிசம்பர் 31, டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிரான சாம்பியன்ஷிப் ஆட்டம். கிட்டத்தட்ட மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். மைதானத்துக்கு அடியில் பதித்திருந்த வெப்பக் கம்பிகள் வேலை செய்யாமல் தரை இறுகிக் கிடந்தது. நடுவர்களால் விசிலைக்கூட ஊத முடியவில்லை. ஸ்டாரை அன்று எட்டு முறை பந்தோடு வீழ்த்தியிருந்தார்கள். 17-14 என்று பின்தங்கிய நிலையில், ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக மிச்சமிருக்க, 68 யார்டு போயாக வேண்டும். கடைசி 16 விநாடியில் டச்டவுன் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் நின்றது பேக்கர்ஸ். டைம்அவுட்டும் தீர்ந்துவிட்டது. கோச்சிடம் பேசிவிட்டுத் திரும்பிய ஸ்டார், கூட ஆடிய சக் மெர்சீனிடம் பந்தைக் கொடுக்கும் ஆட்டத்தைத்தான் சொன்னார். பந்து தனக்கு வரும் என்று மெர்சீன் ஓடி வந்தார். ஸ்டார் தன் கூட்டாளிகளிடமே சொல்லாமல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, முன்வரிசைக்காரர் ஜெர்ரி கிரேமரின் பின்னால் புகுந்து கோட்டைத் தாண்டி விழுந்தார். 21-17.

இதற்கு உங்கள் மகன் சொல்லக்கூடிய நல்ல பதில் ஒன்று உண்டு: ஸ்டாருக்கு லொம்பார்டி இருந்தார், கூடவே ஹார்னங், டெய்லர், நிட்ச்கி, கிரெக் என்று ஒரு படையே இருந்தது. உண்மைதான். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1956-ல் 200-வது ஆளாக வந்தவர் ஸ்டார். லொம்பார்டி வராமல் போயிருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஸ்டாருக்கு ஐந்து பட்டம், ராட்ஜர்ஸுக்கு ஒரு பட்டம் என்று சொல்லி நீங்களும் மகனை அடக்கப் பார்க்காதீர்கள். 1961, 62-ல் லீக்கில் இருந்ததே 14 அணிகள்தான். முதலிடத்தில் முடித்தால் ஒரே ஆட்டத்தில் பட்டம்.

ஆனால் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டங்களில் ஸ்டாரின் கணக்கு 9 வெற்றி, 1 தோல்வி. அந்தப் பத்து ஆட்டங்களில் 15 டச்டவுன், 3 இன்டர்செப்ஷன். படை கூட இருந்தாலும் அந்த மூன்று என்ற எண் அவர் கையால் வந்தது. என் தீர்ப்பு இதில்தான் நிற்கிறது.

பந்தை வீசும் திறமை ஒன்றை மட்டும் கேட்டால், ராட்ஜர்ஸுக்குப் பக்கத்தில் மற்ற இருவரும் வர முடியாது. பேக்கர்ஸுக்காக 475 டச்டவுன், 105 இன்டர்செப்ஷன், நான்கு எம்விபி. 2011 ஜனவரியில் அட்லாண்டாவுக்கு எதிரான பிளேஆஃபில் (தோற்றால் வெளியேறும் சுற்று) 36-க்கு 31 பாஸ்களைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த மாதமே லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் கிடைத்தது. அதன் பிறகு கிடைக்கவேயில்லை. 2015 ஜனவரியில் சியாட்டிலில் ஓவர்டைமில் அவர் கைக்குப் பந்தே வரவில்லை, அந்தத் தோல்வியை அவர் தலையில் கட்ட மாட்டேன். 2022 ஜனவரியில் சொந்த மண்ணில் 13-10 என்று தோற்றது வேறு கதை. முதல் வாய்ப்பில் டச்டவுன் வந்தது, மிச்ச ஆட்டம் முழுக்கப் பந்தை உதைத்து எடுத்த ஒரு ஃபீல்டு கோல்தான். பேக்கர்ஸில் அவரது பிளேஆஃப் கணக்கு 11-10.

இனி உங்கள் ஃபார்வ். தொடர்ந்து 253 ஆட்டங்கள் ஒன்றையும் விடாமல் பேக்கர்ஸுக்காகத் தொடங்கியவர், அடுத்தடுத்து மூன்று எம்விபி, ஒரு சூப்பர் பவுல். கூடவே 286 இன்டர்செப்ஷன். 2008 ஜனவரியில் ஜயன்ட்ஸிடம் ஓவர்டைமில் பறிகொடுத்ததுதான் பேக்கர்ஸ் சட்டையில் அவர் போட்ட கடைசிப் பாஸ். இதனால்தான் மூன்றாவது இடம். அவர் பிறகு பேக்கர்ஸின் பரம எதிரியான வைக்கிங்ஸுக்குப் போனதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த ஊரே அதை மன்னித்து 2015-ல் அவருடைய 4-ம் எண்ணை இனி யாரும் அணியாதபடி அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. மகனிடம் இதையும் சொல்லுங்கள்: 1968 முதல் 1991 வரை பேக்கர்ஸ் பிளேஆஃபைத் தொட்டதே இரண்டு முறைதான். 1992-ல் ஃபார்வ் வந்து அந்த அணியை நிமிர்த்தியிராவிட்டால், 2005-ல் வந்த ராட்ஜர்ஸை மூன்று வருடம் அவசரப்படாமல் உட்கார வைத்துத் தயார்செய்யும் வசதி பேக்கர்ஸுக்கு இருந்திருக்காது.